பாதியில் எழுந்து போக எவ்வளவு ஆகும்? கோடை ஜாஸ், ப்ளூஸ் விழாவுக்கு எந்த ஊர்?

ஜூன் பிறந்துவிட்டால் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஊருக்கு ஊர் ஜாஸ் விழாதான். விடுமுறையை ஒட்டி ஏதாவது ஒன்றுக்குப் போய்வரலாம் என்று நினைப்பவர்கள் முதலில் திறந்து பார்ப்பது கலைஞர் பட்டியலை. யார் வருகிறார்கள் என்று பார்த்துவிட்டு ஊரை முடிவு செய்வார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. பெரிய பெயர்கள் கோடை முழுக்கச் சுற்றுப்பயணத்தில் இருப்பவர்கள். ஜூலை முதல் வாரம் சுவிட்சர்லாந்தில் வாசித்தவர் அடுத்த வாரம் நெதர்லாந்தில் நிற்பார், அப்புறம் இத்தாலியின் பெருஜாவில். ஒரே ஆண்டின் பட்டியல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பல பெயர்கள் பொதுவாகவே இருக்கும்.

மாறுவது ஊர்தான். அதாவது, அந்த ஊர் உங்களை எங்கே உட்கார வைக்கிறது, எவ்வளவு வாங்குகிறது, எப்போது வெளியே விடுகிறது என்பது. அதனால் நான் ஒரே ஒரு கேள்வியை வைத்துத்தான் இந்த விழாக்களைத் தரம் பிரிப்பேன்: பிடிக்கவில்லை என்றால் பாதியில் எழுந்து போக எவ்வளவு ஆகும்? காசு மட்டுமில்லை. விட்டுப் போகிற இடம், பக்கத்து நாற்காலிக்காரரின் முறைப்பு, எல்லாம் சேர்த்துத்தான்.

இது குதர்க்கமான கேள்வி இல்லை. ஜாஸில் ஒரு பாட்டு இருபது நிமிடம் ஓடலாம். முதலில் எல்லோரும் சேர்ந்து மெட்டை வாசிப்பார்கள், பிறகு ஒவ்வொருவராகத் தனியாக வாசிப்பார்கள், கடைசியில் மெட்டுக்குத் திரும்புவார்கள். நடுவில் பேஸ் என்ற ஆழ்ந்த ஒலி தரும் தந்தி வாத்தியம் வாசிப்பவர் தன் முறை வந்து ஏழெட்டு நிமிடம் எடுத்துக்கொண்டால், பழக்கமில்லாத காதுக்கு அது நீளம்தான். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீன் பக்கம் நழுவுகிற கச்சேரி ரசிகரை நமக்குத் தெரியாதா என்ன? இங்கேயும் அதே கதைதான். அந்த நழுவலுக்கு எந்த ஊர் இடம் கொடுக்கிறது என்பதைப் பொறுத்து, ஒரு வாரம் முழுக்க ஆனந்தமாகவும் போகலாம், முதல் நாளே சலித்தும் போகலாம்.

மான்ட்ரியல்

கனடாவின் மான்ட்ரியலில் அந்தக் கேள்விக்குப் பதில்: ஒரு காசும் ஆகாது. 1980-ல் தொடங்கிய விழா. முதல் ஆண்டே ரே சார்லஸ் வந்து பாடினார். 2004-ல் உலகின் மிகப்பெரிய ஜாஸ் விழா என்று கின்னஸில் இடம்பிடித்தது. ஜூன் கடைசியில் தொடங்கி ஜூலை முதல் வாரம் வரை, ஏறக்குறைய பத்து நாள். நகரின் நடுவே பிளாஸ் தே ஆர் என்ற கலை அரங்க வளாகத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் கார் போக்குவரத்தைத் தடுத்துவிட்டு, மூலைக்கு மூலை மேடை போட்டுவிடுவார்கள். நிகழ்ச்சிகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இலவசம். டிக்கெட் கவுன்ட்டரும் கிடையாது, கையில் பட்டை கட்டுவதும் கிடையாது. தெருவில் நடந்து போகிறவரும் ரசிகர்தான்.

சாயங்காலம் ஒரு மேடையில் பித்தளை வாத்தியக் கோஷ்டி ஊதிக்கொண்டிருக்கும். பத்து நிமிடம் நின்று கேட்டுவிட்டு நகர்ந்தால், அந்தச் சத்தம் முதுகுக்குப் பின்னால் தேய்ந்துகொண்டே போக, எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு ப்ளூஸ் கிடார் மெல்ல மேலேறும். இரண்டும் கலந்து காதைக் குழப்பும் ஒரு இடம் நடுவில் வரும். அதைத் தாண்டிவிட்டால் அடுத்த மேடை. இப்படி ஒரே மாலையில் நான்கைந்து குழுக்களை ருசி பார்த்துவிடலாம். தனக்கு எந்த வகை பிடிக்கும் என்றே தெரியாதவருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. சாக்ஸபோன் பிடிக்கிறதா, பியானோ மூவர் குழு பிடிக்கிறதா, பாடகர் இருந்தால்தான் காது நிற்கிறதா என்பது இரண்டு நாளில் தெரிந்துவிடும்.

குறைகளும் உண்டு. இலவச மேடைகளில் ஜாஸ் என்ற பெயரில் எல்லாமே வரும். ஹிப் ஹாப், ரெகே, பாப், எலெக்ட்ரானிக் எல்லாம் கலந்துகட்டி. பழைய ரசிகர்கள் இதைப் பற்றிப் புலம்புவது விழாவின் ஒரு அங்கம் போலவே ஆகிவிட்டது. அதோடு பெரும்பாலும் நின்றுதான் கேட்க வேண்டும். பெரிய மேடையின் இரவு நிகழ்ச்சிக்குக் கூட்டம் தெருவை அடைத்துவிடும், குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்பது சிரமம்.

நல்ல ஜாஸ் வேண்டுமென்றால் உள்ளரங்குகளுக்குப் போக வேண்டும். அங்கே கச்சேரிக்குக் கச்சேரி தனி டிக்கெட். இவற்றில் நான் முதலில் கைகாட்டுவது ஜெஸு. 1865-ல் கட்டிய ஒரு தேவாலயத்தின் அடித்தளத்தில் இருக்கும் அரங்கு. நானூற்றுச் சொச்சம் இருக்கைகள்தான், எங்கே உட்கார்ந்தாலும் மேடை பக்கத்தில் இருப்பது போலிருக்கும். பேஸ் கலைஞர் சார்லி ஹேடன் 1989 விழாவில் எட்டு இரவுகள், இரவுக்கு ஒரு கூட்டணி என்று வாசித்தார். அந்தப் பதிவுகள் பிறகு ஆல்பங்களாக வந்தன. ஒரே கலைஞரை அடுத்தடுத்த இரவுகளில் வேறு வேறு துணைகளோடு கேட்கும் வாய்ப்பு பட்டியலில் தென்பட்டால் யோசிக்காமல் எடுங்கள். மற்ற இரவுகளுக்கு, டிக்கெட் எடுத்த ஒரு கச்சேரி, அதற்கு முன்னும் பின்னும் தெரு. இந்தக் கணக்கு செலவையும் கட்டுக்குள் வைக்கும்.

தங்குமிடம் விழாத் தெருக்களிலேயே வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டாம். மெட்ரோவின் பச்சைத் தடத்தில் பிளாஸ் தே ஆர், சென் லோரான் என்று இரண்டு நிலையங்கள் விழாவின் வாசலிலேயே இருக்கின்றன. அந்தத் தடத்தில் எங்கே தங்கினாலும் போதும். மழை வந்தால் பிளாஸ் தே ஆர் நிலையம் வழியாக நிலத்தடி நடைபாதைகளுக்குள் இறங்கிவிடலாம், கடைகளும் கழிப்பறைகளும் அங்கேயே உண்டு. இன்னொன்று: ஜூலை 1 கனடா நாள் மட்டுமல்ல, மான்ட்ரியல்காரர்கள் வீடு மாறும் நாளும் அதுதான். வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஜூன் 30-ல் முடியும். அன்று குடியிருப்புத் தெருக்களில் லாரியும், நடைபாதையில் கைவிடப்பட்ட சோபாவுமாகத்தான் இருக்கும். அந்தத் தேதியில் வாடகை வீட்டுக்குப் பெட்டியோடு போய் இறங்கத் திட்டமிடாதீர்கள்.

சிகாகோ

ப்ளூஸ்தான் வேண்டும் என்றால் ஒப்பீடே தேவையில்லை, சிகாகோதான். மிசிசிப்பியின் பருத்திக் காடுகளிலிருந்து லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் வேலை தேடி வடக்கே வந்தபோது, அவர்களோடு அந்தப் பாட்டும் வந்தது. மேக்ஸ்வெல் தெருவின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை இரைச்சலில் வெறும் கிடார் எடுபடவில்லை. பக்கத்து வீடுகளிலிருந்து மின்சார ஒயர் இழுத்து ஆம்ப்ளிஃபயரில் சொருகினார்கள். பிற்பாடு ராக் இசை முழுக்க அந்த மின்சார கிடாரின் மேல்தான் நின்றது. அந்த வரலாற்றின் பெரிய ஆள் மடி வாட்டர்ஸ் 1983-ல் இறந்தார். அடுத்த ஆண்டு, 1984-ல், நகராட்சியே ப்ளூஸ் விழாவைத் தொடங்கியது.

இன்றும் அது முழுக்க இலவசம். ஜூன் மாதத்தின் முதல் பகுதியில், வார இறுதியை ஒட்டி நடக்கும். 2017-லிருந்து நடப்பது மில்லேனியம் பார்க்கில். அங்கேயுள்ள பிரிட்ஸ்கர் அரங்கை வடிவமைத்தவர் ஃபிராங்க் கெரி. மேடைக்கு முன் நாலாயிரம் நாற்காலி, அதற்குப் பின் ஏழாயிரம் பேருக்கான புல்வெளி. புல்வெளிக்கு மேலே எஃகுக் குழாய்கள் வலை போலக் குறுக்கும் நெடுக்கும் வளைந்து போகும். அது அலங்காரத்துக்கு இல்லை. ஸ்பீக்கர்கள் அதில்தான் தொங்குகின்றன. அதனால் கடைசி வரிசையில் படுத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி கேட்டாலும் ஹார்மோனிகாவின் மூச்சு வாங்கும் சத்தம் வரை தெளிவாக விழும். திறந்தவெளிக் கச்சேரி என்றாலே பின்னால் இருப்பவருக்குக் கொழகொழவென்றுதான் கேட்கும் என்று நினைப்பவர்கள் இங்கே ஒருமுறை உட்கார வேண்டும்.

பாதியில் எழுந்து போக இங்கேயும் எதுவும் ஆகாது. ஆனால் போகத் தோன்றாது என்பது வேறு விஷயம். ப்ளூஸின் அமைப்பு எளிது. பன்னிரண்டு பார், அதாவது தாளக் கட்டம், கொண்ட ஒரு சுற்று, முதல் வரியைப் பாடி அதையே திருப்பிப் பாடி, மூன்றாவது வரியில் பதில். இரண்டு பாட்டு கேட்டால் யாருக்கும் பிடிபட்டுவிடும். வயதான அம்மா அப்பாவோடும் சின்னப் பிள்ளைகளோடும் போகிறவர்களுக்கு, இந்தப் பட்டியலில் என் முதல் தேர்வு இதுதான். பாடகர் கேள்வி கேட்டால் கூட்டம் கத்திப் பதில் சொல்லும், பக்கத்தில் பாய் விரித்திருப்பவர் தன் சிப்ஸை உங்கள் பக்கம் நீட்டுவார். அமைதியாகக் கேட்கும் கூட்டம் வேண்டும் என்பவருக்கு இது சரிப்படாது.

விழா இரவு ஒன்பது, ஒன்பதரைக்குள் முடிந்துவிடும். அப்புறம்தான் கிளப்புகள். வாபாஷ் அவென்யூவில் உள்ள பட்டி கை லெஜண்ட்ஸ் பூங்காவிலிருந்து நடக்கும் தூரம். 1968-ல் தொடங்கி இப்போது வடக்கே ஹால்ஸ்டெட் தெருவில் இருக்கும் கிங்ஸ்டன் மைன்ஸில் இரண்டு மேடைகள், ஒன்றில் முடிந்ததும் கூட்டம் அப்படியே திரும்பி அடுத்ததைப் பார்க்கும், விடியப்போகிற நேரம் வரை. விழா மேடையில் நாற்பது நிமிடத்தில் சுருக்கி வாசிக்கிறவர்கள் கிளப்பில் கையை அவிழ்த்துவிட்டது போல வாசிப்பார்கள். ஆக, சிகாகோவுக்குப் போகிறவர் பகல் தூக்கத்துக்கு நேரம் ஒதுக்க வேண்டும். கிளப் வாசலில் வயதுச் சான்று கேட்பார்கள், மதுவுக்கு 21 வயது கட்டாயம். பாஸ்போர்ட்டை ஹோட்டலில் வைத்துவிட்டுப் போனால் திரும்பி வர வேண்டியதுதான்.

பகலில் தெற்கு மிச்சிகன் அவென்யூ 2120-ஐப் பார்த்து வரலாம். ப்ளூஸ் இசைத்தட்டுகளுக்குப் பெயர்போன செஸ் ரெகார்ட்ஸ் நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடம் இருந்த கட்டடம், இப்போது ப்ளூஸ் பாடலாசிரியர் வில்லி டிக்ஸன் பெயரிலான அறக்கட்டளையிடம் இருக்கிறது. ஸ்டேட் தெருவில் ஒரு கட்டடத்தின் பக்கச்சுவர் முழுக்க மடி வாட்டர்ஸ் ஓவியம், பிரேசில் ஓவியர் எடுவார்டோ கோப்ரா 2016-ல் வரைந்தது. பூங்காவிலிருந்து சில நிமிட நடை.

ஒரு எச்சரிக்கை. சிகாகோ ஜாஸ் விழா தனி. அது 1979 முதல் நடக்கிறது, அதுவும் இலவசம்தான், ஆனால் தொழிலாளர் தின வார இறுதியில், அதாவது ஆகஸ்ட் கடைசி அல்லது செப்டம்பர் தொடக்கத்தில். ஒரே பயணத்தில் இரண்டும் கிடைக்காது. ஜூன் மாதத்தில் ஏரிக்காற்று மாலையில் குளிரவைக்கும், இடியோடு மழை வந்தால் நிகழ்ச்சியை நிறுத்திக் கூட்டத்தை வெளியேற்றவும் செய்வார்கள்.

ராட்டர்டாம்

நெதர்லாந்தின் நார்த் சீ ஜாஸ் விழா இன்னொரு உலகம். 1976-ல் பால் ஆக்கெட் என்பவர் தி ஹேக் நகரில் தொடங்கினார், 2006-ல் ராட்டர்டாமின் அஹோய் என்ற பெரிய அரங்க வளாகத்துக்கு இடம்பெயர்ந்தது. ஜூலை இரண்டாவது வார இறுதியில் வெள்ளி, சனி, ஞாயிறு. ஒரு கூரைக்கடியில் பத்துக்கும் மேற்பட்ட மேடைகள். எல்லாவற்றுக்கும் ஆறுகளின் பெயர்: நைல், அமேசான், ஹட்சன், மாஸ் என்று. நாள் டிக்கெட் ஒன்றே நூறு யூரோவைத் தாண்டும். அது இருந்தால் எந்த மேடைக்கும் போகலாம்.

கணக்குப்படி பார்த்தால் இங்கேயும் பாதியில் எழுந்து போவது இலவசம். நடைமுறையில் அப்படி இல்லை. நீங்கள் எழுந்த நாற்காலி அடுத்த நொடி போய்விடும், நீங்கள் ஓடிப் போய் நிற்கிற அடுத்த அரங்கு நிரம்பியிருந்தால் கதவை அடைத்துவிடுவார்கள். இரண்டும் இல்லாமல் நடைபாதையில் நிற்கிற அந்தக் கால் மணி நேரம்தான் இந்த விழாவின் உண்மையான விலை. இதைவிட மோசமான வியாதி ஒன்று உண்டு. ஒரே நேரத்தில் நான்கு நல்ல கச்சேரிகள் நடக்கும்போது, கேட்டுக்கொண்டிருப்பதை விடப் பக்கத்தில் தவறவிடுவதைப் பற்றியே மனசு ஓடும். எதையும் முழுதாகக் கேட்காமல் மூன்று நாளும் போய்விடும்.

எனவே இது ஏற்கெனவே ரசிகராக இருப்பவருக்கான விழா. நேர அட்டவணை வந்ததும் உட்கார்ந்து, நாளைக்கு மூன்று கச்சேரி என்று குறித்துக்கொண்டு, அதை மட்டும் ஆரம்பம் முதல் கடைசி வரை கேட்பவருக்கு இங்கே கிடைக்கும் திருப்தி வேறெங்கும் கிடைக்காது. சின்ன மேடைகளைக் குறிவையுங்கள். பெரிய அரங்கில் பார்க்கிற நட்சத்திரங்களை வேறு ஊரிலும் பார்க்கலாம். மழை, வெயில் கவலை இல்லை என்பது இன்னொரு வசதி. ராட்டர்டாம் சென்ட்ரலிலிருந்து மெட்ரோ டி அல்லது இ தடத்தில் ஏறி சாவுட்பிளைன் நிலையத்தில் இறங்கினால் அஹோய் நடக்கும் தூரம்தான். ஆனால் ஊரைப் பார்த்தோம் என்ற உணர்வு வராது. மூன்று நாளும் கூரைக்குள்தான்.

கோபன்ஹேகன்

ராட்டர்டாமுக்கு நேர் எதிர். ஜூலையின் முதல் வெள்ளி தொடங்கிப் பத்து நாள், நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில், ஆயிரத்தைத் தாண்டும் கச்சேரிகள். பூங்கா, கால்வாய்க்கரை, காபிக் கடை, தேவாலயம், எல்லாம் மேடைதான். திறந்தவெளியில் பல இலவசம், மற்றவை இடத்துக்கு இடம் தனி டிக்கெட். 1979-ல் தொடங்கிய விழா என்றாலும் ஊருக்கும் ஜாஸுக்கும் உள்ள உறவு அதைவிடப் பழையது. அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் டெக்ஸ்டர் கார்டன் 1962 முதல் பதினான்கு ஆண்டுகள் பெரும்பாலும் இங்கேதான் இருந்தார். இன்னொரு சாக்ஸபோன் கலைஞர் பென் வெப்ஸ்டரும் பியானோ கலைஞர் கென்னி ட்ரூவும் இங்கேயுள்ள அசிஸ்டென்ஸ் கல்லறைத் தோட்டத்தில்தான் அடக்கம். இவர்களெல்லாம் வாசித்த ஜாஸ்ஹூஸ் மாண்ட்மாட்ர் கிளப் 2010-ல் பழைய இடத்திலேயே மறுபடி திறக்கப்பட்டது.

எழுந்து போகிற கேள்விக்கு இங்கே பதில் இரண்டு. பூங்காவில் தாராளமாக எழுந்து போகலாம். எண்பது பேர் உட்காரும் கிளப்பில், பியானோக்காரர் உங்கள் முகத்தைப் பார்க்கும் தூரத்தில் வாசிக்கும்போது, காசு போகாது, மானம்தான் போகும். ஜாஸை நெருக்கமாகக் கேட்க வேண்டும் என்ற ஆசை ஏற்கெனவே இருப்பவருக்கு அது குறையே இல்லை. என் சொந்த விருப்பத்தைக் கேட்டால் இந்த ஐந்தில் கோபன்ஹேகனைத்தான் சொல்வேன். முதல் தடவை போகிறவருக்குச் சொல்ல மாட்டேன். ஆயிரம் கச்சேரியில் எதைத் தேர்வது என்று புதியவர் திணறிப்போவார், பெயர் தெரியாத உள்ளூர்க் கலைஞர்கள்தான் அதிகம். சாப்பாடும் தங்கலும் மலிவில்லை. சைக்கிள் ஓட்டத் தெரிந்தால் பாதிச் சிக்கல் தீரும். இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருப்பதால் ஒரே நாளில் மூன்று இடங்களுக்குப் போவது அலைச்சலாகத் தெரியாது.

மான்ட்ரூ, சுருக்கமாக

பெயர் பெரிது. சுவிட்சர்லாந்தின் இந்த ஏரிக்கரை ஊரில் 1967-ல் கிளாட் நோப்ஸ் நண்பர்களோடு தொடங்கிய விழா. 1971-ல் ஃபிராங்க் ஸப்பா கச்சேரியின்போது அங்கேயிருந்த கேசினோ தீப்பிடித்ததும், ஏரி மேல் படர்ந்த அந்தப் புகை டீப் பர்ப்பிள் குழுவின் ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ என்ற ராக் பாட்டாக ஆனதும் தெரிந்த கதை. விழாவின் பதிவுத் தொகுப்பை யுனெஸ்கோ 2013-ல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. ஏரிக்கரையில் இலவச மேடைகள் உண்டு, காட்சி அற்புதம். ஆனால் பெரிய மேடையில் ஒரு இரவுக்கு ஒரு டிக்கெட், அதுவும் சுவிஸ் விலையில். பாதியில் எழுந்தால் மொத்தமும் போச்சு. பட்டியலில் ஜாஸைவிட ராக்கும் பாப்பும்தான் கண்ணில் படும். நீங்கள் உயிரை விடுகிற ஒரு பெயர் அங்கே மட்டும் வருகிறதென்றால் போங்கள். இல்லையென்றால் அந்தக் காசில் மான்ட்ரியலில் நாலைந்து இரவு தங்கலாம்.

தேதியும் விசாவும்

எந்த ஊரானாலும் சில பழக்கங்கள் பொது. ஜாஸில் ஒருவரின் தனி வாசிப்பு முடிந்ததும் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே கைதட்டுவார்கள், அது மரியாதை. காதடைப்பான் ஒரு ஜோடி எடுத்துச் செல்லுங்கள், சின்னக் கிளப்புகளில் டிரம்ஸ் பக்கத்தில் இடம் கிடைத்தால் தேவைப்படும். பிள்ளைகளுக்குக் கட்டாயம்.

விசா விஷயத்தில் அமெரிக்காவுக்கு நேர்காணல் தேதி கிடைப்பதே பெரும்பாடாக இருக்கலாம். ஏற்கெனவே விசா வைத்திருப்பவர்களுக்குச் சிகாகோ எளிது, மற்றவர்கள் ஒரு வருடம் முன்பே யோசிக்க வேண்டும். கனடாவுக்கும் தாமதம் நேரலாம், ஆனால் மான்ட்ரியலின் பெரும்பகுதி இலவசம் என்பதால் விசா வரும் வரை டிக்கெட்டில் காசு முடங்காது. ராட்டர்டாமில் அந்த வசதி இல்லை, விசா கைக்கு வரும் முன்பே டிக்கெட் எடுக்க வேண்டிவரும்.

ஐரோப்பாவில் ஒரு லாபம் உண்டு. டென்மார்க், நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து மூன்றுக்கும் ஒரே ஷெங்கன் விசா போதும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், அதிக நாள் தங்கும் நாட்டின் தூதரகத்தில் கொடுக்க வேண்டும். கோபன்ஹேகன் விழாவின் கடைசி நாள்களும் ராட்டர்டாமின் மூன்று நாளும் பெரும்பாலும் ஒரே வார இறுதியில் விழும். திங்களன்று கோபன்ஹேகனில் இறங்கி வியாழன் இரவு வரை சின்னக் கிளப்புகளில் கேட்டுவிட்டு, வெள்ளி காலை ஆம்ஸ்டர்டாமுக்கு ஒன்றரை மணி நேர விமானம், விமான நிலையத்திலிருந்தே ராட்டர்டாமுக்கு நேரடி ரயில், அரை மணி நேரம்தான். பெட்டியை அறையில் வைத்துவிட்டுச் சாயங்காலம் அஹோய்க்குப் போய்விடலாம். அப்படிப் போகிறவர் விண்ணப்பத்தை டென்மார்க்குக்குக் கொடுப்பதா நெதர்லாந்துக்குக் கொடுப்பதா என்பதை இரவுகளை எண்ணிப் பார்த்து முடிவு செய்யட்டும், ராட்டர்டாமில் சனி ஒரு நாளுக்கு மட்டும் டிக்கெட் எடுத்தாலும் குறை ஒன்றும் இல்லை.